பாலாற்றங்கரை மண்



கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே புல்லூரில் தமிழகத்தினுள் நுழைகிறது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும் ஆறு அது. அதன் கரையோரமாக வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று நீங்கள் பயணம் செய்வீர்களாயின், பள்ளிவாசல்களின் மினாராக்களும், மதரஸாக்களும், கல்லூரிகளும் உங்கள் கண்களை நிறைக்கும். அவற்றுள் பல, தோல் வணிகர்கள் தங்கள் ஹலாலான சம்பாத்தியத்திலிருந்து வாரி வழங்கிய கொடையால் எழுந்தவை. அந்தக் கொடையாளர்களுக்கு நாம் என்றும் துஆச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆனால், நிமிர்ந்து மினாராவைப் பார்த்த கண்கள் சற்றுக் குனிந்து மண்ணையும் பார்க்க வேண்டும்.

முற்காலத்தில் இவ்வூர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். அதற்குப் பல நாட்கள் பிடித்தன. 1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறி, முழுமையாக முடித்த தோலுக்கு முதலிடம் கிடைத்தபின், விரைவில் வேலை முடிக்கும் குரோமிய உப்பு பரவலாயிற்று. தொட்டியில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. எஞ்சியது கழிவு நீரோடு போயிற்று. போய்ச் சேர்ந்த இடம் ஓடையும் வயலும் ஆற்று மணலும்.

இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் இதைவிடக் கொடிய காட்சி உண்டு. குரோமிய இரசாயனங்கள் செய்த ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் அதிகம். மழைநீர் அதன்மீது பட்டு மஞ்சளாக வழிந்தது. அந்த மஞ்சள் நிறமே நச்சுக்கு அடையாளம். குரோமியம் மண்ணில் பெரும்பாலும் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று நீரில் எளிதில் கரையாது, தீங்கும் குறைவு. மற்றது நீரில் கரைந்து கிணறுவரை செல்லும், புற்றுநோயை உண்டாக்கும். இராணிப்பேட்டையில் மஞ்சளாக வழிந்தது இந்த இரண்டாவது வடிவமே.

இத்தகைய மண்ணிலும் உயிர் இருக்கிறது என்பதுதான் வியப்பு! ஒரு பிடி நல்ல மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நச்சுக் குரோமியம் அவற்றுக்குத் தேவையான கந்தகச் சத்தைப் போன்ற தோற்றத்தோடு வந்து, அதே வாயிலின் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. நுழைந்ததும் பெரும்பாலானவை மடிகின்றன. சில மட்டும் பிழைக்கின்றன. அவற்றுள் சில, உட்புகுந்த நஞ்சை இறைத்து வெளியே தள்ளுகின்றன. வேறு சில, கொடிய வடிவத்தைத் தீங்கு குறைந்த வடிவமாக மாற்றி மண்ணில் படியச் செய்கின்றன. இன்னும் சில, உடலைச் சுற்றியுள்ள கோழையில் உலோகத்தைப் பிடித்து வைக்கின்றன. இத்திறனுக்குரிய மரபுச் செய்தி பல வேளைகளில் ‘பிளாஸ்மிட்’ எனும் சிறு வளையத்தில் இருக்கிறது. அதைத் தம் சந்ததிக்கு மட்டுமன்றி, அண்டையிலுள்ள உயிருக்கும் அவை வழங்கிவிடுகின்றன. ஸுப்ஹானல்லாஹ்! கண்ணுக்குப் புலப்படாத படைப்பிலும் இத்துணை ஏற்பாடு!

இதைக் கேட்டதும், “மண் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் மூன்று செய்திகளைச் சிந்திக்க வேண்டும்.

முதலாவது, உலோகம் அழிவதில்லை. நுண்ணுயிர் அதன் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. மண்ணிலுள்ள மாங்கனீசு அதை மீண்டும் கொடிய வடிவுக்குத் திருப்பவும் கூடும்.

இரண்டாவது, உலோகத்தைத் தாங்கும் மரபுச் செய்தியும், நோய் தீர்க்கும் ஆண்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கும் மரபுச் செய்தியும் பல வேளைகளில் ஒரே வளையத்தில் சேர்ந்திருக்கின்றன. மண்ணில் உலோகம் மிகும்போது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் பெருக வழி ஏற்படுகிறது.

மூன்றாவது, பிழைத்திருப்பது வேறு, பயன் தருவது வேறு. இங்கிலாந்தில் வோபர்ன் என்னும் ஊரிலுள்ள ஆய்வு நிலத்தில் 1942 முதல் 1961 வரை நகரக் கழிவுச் சேற்றை எருவாக இட்டனர். அதில் துத்தநாகமும் காட்மியமும் கலந்திருந்தன. எரு இடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் சென்றபின் அங்கே குளோவர் எனும் தீவனப் பயிரை ஆய்ந்தனர். அதன் வேர் முடிச்சுகளில் பாக்டீரியா இருந்தது; ஆனால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் பயிருக்குக் கொடுக்கும் வேலையை அது செய்யவில்லை. உயிர் இருந்தது, ஊழியம் நின்றுவிட்டது.

நம் பாலாற்று வெளியிலும் இழப்பு சிறிதன்று. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதை, உச்ச நீதிமன்றத்தின் 28.8.1996 தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் அது நிலைநாட்டியது. 2025 ஜனவரியிலும் இதே பகுதியைப் பற்றி இழப்பீடும் சீரமைப்பும் வேண்டுமென்று அந்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. இடையில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள்!

தொழில் வேண்டாமென்று நாம் கூறவில்லை. எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிவது அத்தொழிலால்தான். குரோமியத்தைக் கழிவிலிருந்து மீட்டு மீண்டும் பயன்படுத்தும் முறைகள் இருக்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருக்கின்றன. அவற்றை அதிகாரி வரும் நாளில் மட்டுமன்றி எல்லா நாளும் முறையாக நடத்துவது உரிமையாளரின் பொறுப்பு. குடிநீர்க் கிணற்றைச் சோதிக்கக் கோருவது ஜமாஅத்தின் பொறுப்பு. கணவரும் மகனும் ஈட்டி வரும் பொருள் எவர் வயலையும் கெடுக்காமல் வந்ததா என்று அன்போடு கேட்பது தாய்மார்களின் உரிமை.

தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைக் கொண்டு தயம்மும் செய்து தொழுகைக்கு நிற்க நமக்கு அனுமதி அளித்தவன் அல்லாஹ். நீருக்கு ஈடாக அவன் நமக்கு ஆக்கித் தந்த அந்த மண் ஓர் அமானிதம். அதைத் தூய்மையாகவே நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்க அவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.