ஆகா என்றோம்!

எங்கள் அறிவியல் மன்றத்திற்கு ஒரு சிறிய தொலைநோக்கி நன்கொடையாக வந்தபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. பெட்டியின் மேல் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. உள்ளே 20 மி.மீ., 4 மி.மீ. என இரண்டு கண்ணருகு லென்சுகள், மும்மடங்கு பார்லோ லென்சு ஒன்று, கறுப்பாகச் சிறிய சூரியக் கண்ணாடி ஒன்று. எடுத்த எடுப்பிலேயே 525 மடங்கையும் பார்த்துவிட வேண்டும் என்று 4 மி.மீ. லென்சையும் பார்லோவையும் சேர்த்து மாட்டினோம்.

ஜனவரி மாதத்து இரவு. ஜெபம் முடிந்ததும் விடுதி மொட்டை மாடியில் வியாழன் கோளை நோக்கித் திருப்பினோம். ஒருத்தி பார்த்து "ஆகா!" என்றாள். அடுத்தவளும் "ஆகா!" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படியே சொன்னோம். ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மட்டும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தபடி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்றாள். "கண்ணாடி போட்டவளுக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தோம். அவள் தலை குனிந்து படியிறங்கிப் போனாள்.

உண்மையில் எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மங்கலான வெளிச்சம் ஒன்று நடுங்கிக்கொண்டே ஓடியது; அவ்வளவுதான்.

மனம் உறுத்தவே, மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் சொன்னோம். அவர்கள் கோபிக்கவில்லை, கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். பொருளருகு லென்சின் குவியத் தொலைவைக் கண்ணருகு லென்சின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். எங்கள் தொலைநோக்கிக்கு 700 மி.மீ. ஆகவே 20 மி.மீ. லென்சு 35 மடங்கு, 4 மி.மீ. லென்சு 175 மடங்கு. பார்லோவும் சேர்ந்தால் 525. ஆனால் முன் லென்சின் விட்டமோ 70 மி.மீ. மட்டுமே. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அதாவது 140 மடங்குதான் அதற்கு ஏறக்குறைய எல்லை. "ஒரு கரண்டி மாவை எவ்வளவு அகலமாகத் தேய்த்தாலும் அது ஒரு கரண்டி மாவுதானே?" என்றார்கள் சிஸ்டர். மேலும் 4 மி.மீ. லென்சில் கண்ணை ஒட்டி வைத்தால்தான் பார்க்க முடியும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு அது இயலாது. குற்றம் அந்தத் தங்கையின் கண்ணில் இல்லை!

சூரியக் கண்ணாடியைச் சிஸ்டர் வாங்கிக்கொண்டார்கள். கண்ணருகே திருகும் அந்தக் கண்ணாடி வெப்பத்தில் வெடித்தால் பார்வையே போய்விடுமாம். தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டியில்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது.

பள்ளி விழாவில் சுண்டல் விற்ற பணம் எங்களிடம் இருந்தது. அது ஒரே ஒரு லென்சுக்குத்தான் போதும். 117 மடங்கு காட்டும் 6 மி.மீ. லென்சின்மேல் எங்களில் பலருக்கு ஆசை. 32 மி.மீ. பிளாசல் லென்சோ 22 மடங்குதான். ஆனால் கண்ணைச் சுமார் 2 செ.மீ. தள்ளி வைத்தே பார்க்கலாம். நெடுநேரம் வாதாடினோம். கடைசியில், படியிறங்கிப் போன அந்த முகம் நினைவுக்கு வந்தது. குழாயின் அளவு ஒன்றேகால் அங்குலம்தானா என்று சரிபார்த்து, 32 மி.மீ. லென்சையே வாங்கினோம். முக்காலி ஆடாதிருக்க நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டோம். செலவே இல்லை!

அன்றிரவு தங்கையையே முதலில் அழைத்தோம். "நடுவில் பெரிய புள்ளி, பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று சின்னப் புள்ளிகள், அக்கா" என்றாள். "நிலவுகள் நான்கு என்றல்லவா புத்தகத்தில் இருக்கிறது?" என்றோம். "மூன்றுதான், அக்கா" என்றாள் உறுதியாக. நாங்களும் பார்த்தோம். மூன்றுதான்! நான்காவது கோளுக்குப் பின்னோ முன்னோ மறைந்திருக்கும் என்றார்கள் சிஸ்டர். 1610 ஜனவரி 7-ஆம் நாள் கலிலியோவும் முதலில் மூன்றையே கண்டாராம். அவருடைய தொலைநோக்கியும் சுமார் 20 மடங்குதானாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். தோழியரே, காணாததைக் கண்டதாக இனி நாங்கள் சொல்வதில்லை. வானத்தைப் பார்க்க நல்ல லென்சு வேண்டும். அதற்கும் முன்னே நேர்மை வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி