அழையாத விருந்தாளிகள்

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்தாயிற்று. திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்பார் கடைக்காரர். சரி என்று தலையாட்டிவிடாதீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ அதற்குள்தானே இருக்கிறது?

விண்டோஸ் 10, 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தில், கூப்பிடாமலே முதல் பந்தியில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம்களைப் பார்க்கலாம். வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யுங்கள். அழிந்துவிடாது, தானாக எழுந்து வராது, அவ்வளவுதான். ஆன்ட்டிவைரஸைத் தொடாதீர்கள். (பி.காம். படித்த எனக்கே இது புரிகிறது!) பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி.க்கு மாறினால்தான் நிஜமான வேகம்.

பாஸ்வேர்டை ஏற்கவில்லையா? முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். 'பிட்லாக்கர்' என்று 48 இலக்க எண் கேட்டால்தான் விஷயம் சீரியஸ். அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். செல்போனிலிருந்தே நுழைந்து பார்க்கலாம். எங்குமே இல்லையென்றால், போட்டோ போனது போனதுதான். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி, பீரோவில் பத்திரத்தோடு வையுங்கள்.