காற்று அடங்கும் வரை

இலண்டன் மாநகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 45 மைல் பிரயாணஞ் செய்தால், பெட்போட்ஷயர் மாவட்டத்திலுள்ள பிகிள்ஸ்வேட் என்னும் சிறு பட்டினத்தை அடையலாம். அங்கிருந்து மேற்கே சில மைல் தூரத்தில் ஓல்ட் வாடன் என்ற கிராமம் இருக்கின்றது. கூரை வேய்ந்த பழைய வீடுகள், வெளிர்மஞ்சட் சுவர்கள், வேலியோரத்துப் பூஞ்செடிகள் ஆகியவற்றைக் காணும்போது, இந்தக் கிராமத்துக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன தொடர்பு இருக்கமுடியும் என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் கிராமத்தை அடுத்துள்ள புல்வெளியொன்றில், உலகில் இன்றும் பறக்கக்கூடிய மிகப் பழைய விமானங்கள் சில பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

அந்த விமானங்களைச் சேர்க்கத் தொடங்கியவர் றிச்சட் ஷட்டில்வேர்த் என்னும் செல்வந்த இளைஞர். 1909-இல் பிறந்த இவர் மோட்டார்ப் பந்தயங்களில் பெயர்பெற்றவர். 1935-இல் டொனிங்டன் கிராண்ட் பிறீ பந்தயத்தில் வெற்றியும் கண்டார். பிறர் கழித்து எறிந்த பழைய விமானங்களையும் மோட்டார் வண்டிகளையும் தேடி வாங்கிச் செப்பனிடுவது அவருக்குப் பெருவிருப்பான பணியாக இருந்தது. இரண்டாவது உலக யுத்தம் மூண்டதும் விமானப் படையிற் சேர்ந்த அவர், 1940-இல் இரவுப் பயிற்சியொன்றின்போது விமானம் வீழ்ந்து உயிரிழந்தார். ஒரே மகனை இழந்த தாயார் டொரத்தி அம்மையார் 1944-இல் அவர் நினைவாக ஓர் அறநிலையத்தை நிறுவினார். விமானக் கல்வியும் விவசாயக் கல்வியும் வளரவேண்டும் என்பதே அதன் நோக்கம். மகன் சேர்த்த விமானங்கள் 1963 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன.

கொட்டகைகளுள்ளே சென்று பார்ப்போரை முதலில் நிறுத்தி வைப்பது 1909-இல் கட்டப்பட்ட பிளேரியோ விமானம். அதே ஆண்டு யூலை மாதம் 25-ஆம் திகதி லூயி பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது இவ்வகை விமானத்திலேதான். மரச்சட்டமும் துணியும் முறுக்குக் கம்பிகளும் மூன்று சிலிண்டர்களுடைய சிறு எஞ்சினுமே அதன் உடைமைகள். அது இன்றும் பறக்கின்றது. எனினும் நினைத்த நேரத்தில் அதை வெளியே கொண்டுவரமாட்டார்கள். காற்று முற்றாக அடங்கிய மாலைப் பொழுதில் மட்டுமே அது தரையைவிட்டு எழும். நேராகச் சிறிது தூரம் சென்று, அதே புல்வெளியில் இறங்கிவிடும். பார்வையாளர் எத்தனை ஆயிரம் பேர் திரண்டிருந்தாலும், மரத்தின் இலை ஆடுமானால் பிளேரியோ கொட்டகையிலேயே இருக்கும்.

மாலையிற் காற்று அடங்குவதற்குக் காரணமுண்டு. பகலில் வெயிலால் சூடேறிய நிலம் தன்மேலுள்ள காற்றைக் கிளறிவிடுகின்றது. அதனால் உயரத்தில் வேகமாக ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்கின்றது. சூரியன் சாயும்போது நிலம் குளிர, தரையோரக் காற்றும் குளிர்ந்து கனத்துப் படிந்துவிடும். மேலே காற்று ஓடினாலும் கீழே அமைதி நிலவும். ஓல்ட் வாடனில் மாலைக் காட்சிகள் விரும்பி நடத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் மழைமேகங்கள் அணியணியாக வரும் நாட்களில் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

இந்தப் புல்வெளியில் பெரிய விமானங்கள் ஓய்வெடுக்கும் சில நாட்களில், மாதிரி விமானம் செய்வோர் வந்து கூடுவார்கள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நடந்த அத்தகைய கூட்டத்தைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. கடையில் வாங்கி அன்றே பறக்கவிடும் பிளாஸ்டிக் விமானங்கள் அங்கே மிகக் குறைவு. ஐம்பது, அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட படங்களைப் பார்த்து, கையால் வெட்டி ஒட்டிய விமானங்களே புல்வெளி நிறையக் கிடந்தன. தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலிருந்து வரும் பால்சா மரம் மிக இலேசானது. அதனை மெல்லிய கீற்றுகளாக அரிந்து எலும்புக்கூடு செய்கின்றனர். அதன்மேல் மெல்லிய காகிதத்தையோ பட்டையோ போர்த்து, நெடி மிகுந்த ஒருவகைப் பூச்சைப் பூசினால் போர்வை மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்ளும். சிறு டீசல் எஞ்சினுக்கு எரிபொருளாவது மண்ணெண்ணெயும் ஈதரும் ஆமணக்கெண்ணெயும் கலந்த கலவை. இந்த மூன்றின் வாடையும் ஈரப் புல்லின் வாசனையோடு கலந்து அன்று எங்கும் பரவியிருந்தது.

அங்கு வந்திருந்த விமானங்களுள் பலவும் "யூனியர் 60" என்ற வகையைச் சேர்ந்தவை. அல்பேட் ஹற்புல் என்பவர் கீல்கிறாவ்ற் நிறுவனத்துக்காக 1946-இல் வரைந்தது இது. இறக்கையின் நீளம் 60 அங்குலம். பெயரும் அதனால் வந்ததே. வானொலி இன்றித் தானாகப் பறப்பதற்கென உருவாக்கப்பட்ட இவ்விமானம், அமைதியான இயல்புடையதாகையால், பின்னர் வானொலியைப் பொருத்திப் பார்க்க விரும்பியோர் பலருக்கும் உகந்ததாயிற்று.

அக்காலத்து வானொலிக் கட்டுப்பாடு எத்தகையது என்பதை இக்கால மாணவர்கள் அறிந்தால் வியப்படைவர். கையிலுள்ள பெட்டியில் ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு. விமானத்தின் வயிற்றில் முறுக்கிய றப்பர் நாடாவொன்று இருக்கும். பொத்தானை அழுத்தியதும் சமிக்ஞை பெற்ற மின்காந்தம் ஒரு கொக்கியை விடுவிக்கும். றப்பரின் முறுக்கு வாற்சுக்கானை வலப்புறம் திருப்பும். பொத்தானை விட்டால் சுக்கான் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் இம்முறை இடப்புறம் திரும்பும். ஆகவே, அடுத்து வருவது வலமா இடமா என்பதை ஓட்டுபவரே நினைவில் வைத்திருக்கவேண்டும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. எரிபொருள் தீர்ந்ததும் எஞ்சின் நிற்க, விமானம் சறுக்கி இறங்கும். அக்காலத்து எளிய வானொலிப் பெட்டிகளுக்கு அருகருகேயுள்ள அலைவரிசைகளைப் பிரித்தறியும் ஆற்றலும் கிடையாது. ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர்கள் தம் பெட்டிகளை அணைத்துவைத்துக் காத்திருந்தனர்.

இத்தகைய விமானத்துக்குக் காற்றே பெரும் பகை. யூனியர் 60 மணிக்கு ஏறத்தாழ 20 மைல் வேகத்தில் ஊர்வது. எதிர்க்காற்றும் அதே வேகத்தில் வீசுமானால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். காற்று சற்றே மிஞ்சினால் மூக்கை முன்னே நீட்டியபடி பின்னோக்கிச் செல்லும். பின்னர் அதைத் திரும்ப அழைக்கும் வலிமை அந்த ஒரு பொத்தானுக்கு இல்லை. மழையோ வேறுவிதமாகக் கெடுக்கும். ஈரக்காற்றில் காகிதப் போர்வை தளரும், இறக்கை கோணும், பழைய வால்வு வானொலியில் ஈரம் புகுந்தால் அதன் போக்கே மாறிவிடும்.

நாம் சென்ற நாளில் விடியலிலிருந்தே தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நமது கடலோடிகள் சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு அதன் குணமறிந்து பாய் விரித்ததுபோல, இங்கு வந்தோரும் காற்றைப் பார்ப்பதையே முதல் வேலையாகக் கொண்டிருந்தனர். கம்பத்திற் கட்டிய துணிக்குழாய் விறைத்து நின்றது. பத்து மணிக்கு முதல் மழை. கார்களின் பின்கதவுகளைத் திறந்து அவற்றின் கீழ் ஒதுங்கி நின்று, குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். மழை விட்டதும் துணிவுள்ள சிலர் புதிய வானொலி பொருத்திய விமானங்களை எழுப்பினார்கள். அவற்றுள் சிவப்பு நிறமான ஒன்று காற்றோடு அடித்துச் செல்லப்பட்டு, எல்லையிலுள்ள மரங்களுக்கு அப்பால் மறைந்தது. சொந்தக்காரரோடு பத்துப் பேர் தேடப் போனார்கள். ஒரு மணி நேரத்தின் பின் முறிந்த இறக்கையோடு திரும்பி வந்தார்கள்.

நமக்கு அருகில் ஒரு முதியவரும் பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க அவருடைய பேரனும் இருந்தனர். அவர்களிடம் இரண்டு யூனியர் 60 விமானங்கள் இருந்தன. ஒன்று முதியவர் தம் பள்ளிப் பருவத்தில், 1950-களில், தம் தமையனாரோடு சேர்ந்து செய்தது. தமையனார் காலமாகிவிட்டார், பட்டுப் போர்வையின் ஓரத்தில் அவர் கையால் எழுதிய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. வானொலியும் அக்காலத்து ஒற்றைப் பொத்தான் பெட்டிதான். மற்றையது, அதே படத்தைப் பார்த்துப் பேரன் அந்தக் குளிர்காலம் முழுவதும் இருந்து செய்தது. அதில் இக்காலத்து வானொலி இருந்தது.

பழைய விமானம் வானில் எழுவதைப் பார்க்கவேண்டும் என்பதே சிறுவனின் ஆசை. அதற்காகவே இருவரும் வெகுதூரம் வந்திருந்தனர். காற்றுச் சற்றே தணியும் ஒவ்வொரு முறையும், "அப்பப்பா, இப்போது விடலாமா?" என்று கேட்பான். முதியவர் துணிக்குழாயைப் பார்க்கமாட்டார். தூரத்து மரங்களின் உச்சியைப் பார்ப்பார். "கீழே அடங்கியிருக்கிறது; மேலே இன்னும் அடங்கவில்லை" என்பார். மூன்று மணிக்கு மீண்டும் மழை. நான்கு மணிக்குப் பாதிப்பேர் புறப்பட்டுப் போய்விட்டனர்.

ஐந்தரை மணியளவில் மேகம் விலகி ஒரு துண்டு வெயில் புல்வெளியில் விழுந்தது. காற்றுத் தளர்ந்தது. சிறுவன் பழைய விமானத்தின் பெட்டியருகே ஓடினான். முதியவர் மேற்கே பார்த்தார். அடுத்த மேகத்தின் கரிய விளிம்பு தெரிந்தது. "பத்து நிமிடம் உண்டு. உன்னுடையதை எடு" என்றார்.

சிறுவனின் முகம் வாடியது. ஆயினும் சொன்னபடி செய்தான். முதியவர் எஞ்சினைச் சுழற்றி உயிர்ப்பித்து, விமானத்தைக் காற்றுக்கு எதிராக ஏந்தி மெல்லத் தள்ளிவிட்டார். அது எழுந்தது, அகன்ற வட்டமிட்டு, வெயில் ஊடுருவிய இறக்கையின் எலும்புகள் ஒவ்வொன்றும் தெரியும்படி நம் தலைக்குமேல் சென்றது. மழைச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலைந்து நிமிடத்தில் எஞ்சின் நின்றது. இறங்கும் தறுவாயில் எங்கிருந்தோ வந்த ஒரு வீச்சு இறக்கையைத் தூக்க, விமானம் பக்கவாட்டில் புல்லில் மோதியது. இறக்கையைப் பிணைத்திருந்த றப்பர் வளையங்கள் கழன்று, இறக்கை தனியே போய் விழுந்தது. அவ்வாறு கழல்வதற்காகவே றப்பரால் பிணைக்கிறார்கள். இறுகப் பூட்டியிருந்தால் உடலும் சேர்ந்து முறிந்திருக்கும்.

முதியவர் இறக்கையைத் தூக்கிப் பார்த்தார். "இரண்டு விலாதான். நாளை மாலைக்குள் நீயே ஒட்டிவிடுவாய்" என்றார். சிறுவன் தலையசைத்தான், அழவில்லை.

இவ்வளவு தூரம் வந்தும் பழைய விமானத்தைப் பறக்கவிடவில்லையே, மனவருத்தம் இல்லையா என்று அவரிடம் கேட்டோம். "பறக்கவிடாமலே திருப்பிக் கொண்டுபோன நாட்கள் பல. அதனால்தான் இது இன்னும் முழுசாக இருக்கிறது. ஆனால் இது இருப்பது போதாது, செய்யத் தெரிந்தவன் ஒருவனும் இருக்கவேண்டும்" என்று சொல்லிப் பெட்டியை மூடினார். ஓல்ட் வாடனின் பெரிய கொட்டகையிலும் இந்த இரண்டு வழிகளையும் காணலாம். அங்கே பழைய பிளேரியோ காற்றுக்கு அஞ்சிக் காக்கப்படுகின்றது. அதன் அண்டையில், 1965-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காகப் புதிதாகக் கட்டிய பிரிஸ்டல் பொக்ஸ்கைட் நிற்கின்றது. ஒன்று காப்பாற்றப்பட்டது, மற்றது மீண்டும் செய்யப்பட்டது.

திரும்பும்போது பெட்போட் நகர் வழியாகச் செல்வோர் காடிங்டன் என்னுமிடத்தில் இரண்டு மாபெருங் கொட்டகைகளைக் காண்பார்கள். ஓல்ட் வாடனிலிருந்து அது சில மைல் தூரமே. 777 அடி நீளமான ஆர் 101 என்னும் ஆகாயக் கப்பல் அங்கேதான் கட்டப்பட்டது. 1930-ஆம் ஆண்டு ஒக்டோபர் 4-ஆம் திகதி மாலை, அக்காலத்து இந்தியாவின் கராச்சி நகரை நோக்கி அது புறப்பட்டது. சோதனைப் பறப்புகள் போதியளவு நடந்திருக்கவில்லை, வானிலையும் கெட்டுவந்தது. ஆனால் விமானத்துறை அமைச்சர் தொம்சன் பிரபு இந்தியா சென்று, அம்மாதம் 20-ஆம் திகதிக்குள் இலண்டனுக்குத் திரும்ப விரும்பினார். மறுநாள் அதிகாலை, மழையிலும் காற்றிலும் பிரான்சின் போவே நகருக்கருகே கப்பல் தரையில் மோதித் தீப்பற்றியது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். அமைச்சரும் அவர்களுள் ஒருவர். தீயிற் கருகிய அக்கப்பலின் கொடி காடிங்டன் தேவாலயத்தில் இன்றும் இருக்கின்றது.

அந்தக் கொட்டகைகளைக் கடக்கையில் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. ஓர் அமைச்சரும் தேர்ந்த அதிகாரிகளும் அன்று மாலை சொல்லத் தவறிய "இன்று வேண்டாம்" என்னும் சொல்லை, ஓல்ட் வாடன் புல்வெளியில் ஒரு முதியவர் தம் பேரனிடம் நாள் முழுவதும் பொறுமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே செல்லும் மாணவர்கள் பழைய எஞ்சின்களைக் கண்டு வியப்பதோடு, மர உச்சியை நிமிர்ந்து பார்க்கும் அப்பழக்கத்தையும் கற்று வருவார்களாக.