நெருப்பே மூடியாகும் குழி

அந்தக் குழிக்கரையில் முதல் வேலை தீ மூட்டுவது இல்லை, பொறுக்குவது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு காய்கறித் தோட்டத்தின் ஓரம் அது. சந்தையிலிருந்தும் கல்யாண மண்டபங்களிலிருந்தும் வந்த கழிவை ஒரு அம்மா குந்தியிருந்து பிரித்துக்கொண்டிருந்தார். காய்ந்த மாங்கொட்டை, கொட்டாங்குச்சி, மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை, வற்றிப்போன முருங்கைக்காய், வெயிலில் சுருண்ட இளநீர்க் கூடு, பிரியாணிக் கடை எலும்பு எல்லாம் ஒரு பக்கம். சோறும் குழம்பும் அழுகிய தக்காளியும் மறுபக்கம்.

"சோத்தைக் கரியாக்க முடியாதாக்கா?" என்று கேட்டேன்.

"ஆக்கலாம் தம்பி. அதுல இருக்கிற தண்ணியைக் காயவைக்கவே பாதி விறகு போயிரும். அப்புறம் உப்பு. நாத்து தாங்காது. அது எருக்குழிக்குப் போகட்டும்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. சமைத்த மிச்சத்தில் முக்கால் பங்கு ஈரம்தான். எரிந்து கரியானாலும் உப்பு அதிலேயே தங்கிவிடும். உணவுக் கழிவிலிருந்து உயிர்க்கரி, அதாவது மண்ணில் இடுவதற்கான கரி, என்று பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மட்கக்கூடியதை மட்க விட வேண்டும். மட்க மறுக்கும் ஓடும் கொட்டையும் எலும்பும்தான் கரிக்குரியவை.

அவரும் அவர் கணவரும் ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாட்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டத் தொழிலில் வளர்ந்தவர்கள். இங்கே மூட்டம் கிடையாது. புனல்போல் மேலே அகன்று கீழே குறுகும் இடுப்பளவுக் குழி, அவ்வளவுதான். அடியில் சுள்ளியை அடுக்கி மேலிருந்து பற்றவைத்தார் பெரியவர். தீ நன்றாகப் பிடித்ததும் கொட்டாங்குச்சியை ஒரு பரப்பாகத் தூவினார். அதன் விளிம்பில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த பரப்பு. ஒவ்வொரு பரப்பும் எரியும்போது மேலிருந்து வரும் காற்றையெல்லாம் சுவாலையே தின்றுவிடுகிறது. கீழே இருப்பதற்குச் சாம்பலாக ஆக்சிஜன் கிடைப்பதில்லை, அதனால் கரியாக நின்றுவிடுகிறது.

"மூட்டத்துல நெருப்பை மூடிக் காக்கணும். இங்க நெருப்பேதான் மூடி," என்றார் அவர். சுவாலையே திரையாக நிற்கும் இந்தச் சுவாலைத் திரைக் குழியின் அறிவியலை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

அவர் கையில் வெப்பமானி இல்லை. புகைதான் கணக்கு. வெள்ளையாக வந்தால் ஈரம் போகிறது. மஞ்சளாகக் கண்ணைக் கரித்தால் பொருளை அள்ளிப் போட்டு நெருப்பை அமுக்கிவிட்டோம் என்று பொருள்; உடனே கையை நிறுத்த வேண்டும். புகையே தெரியாமல் சுவாலை மட்டும் ஆடினால் சரி. எப்போது போடுவது, எப்போது பொறுப்பது என்ற அந்த நிதானத்தில்தான் கரியின் தரம் இருக்கிறது. அவசரப்பட்டால் உள்ளே வேகாத கட்டை. அசந்தால் வெறும் சாம்பல். குழி நிறைந்ததும் சாணமும் கோமியமும் கலந்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி அணைத்தார்கள். ஆறிய துண்டுகள் இரண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார். கண்ணாடிபோல் கணீரென்றது. மங்கலாகச் சத்தம் வந்தால் அது வேகவில்லையாம், அடுத்த குழிக்குப் போகுமாம்.

உலர்ந்த எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் கரியாக மிஞ்சும். அதையும் அப்படியே மண்ணில் போடக்கூடாது. தோட்டக்காரர் ஒரு கத்தரிப் பாத்தியைக் காட்டினார். "வெறுங்கரியைப் போட்டேனுங்க, செடி வெளிறிப்போச்சு." புதுக் கரியின் நுண்துளைகள் பசியோடு இருப்பவை. மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் தாங்களே பிடித்துவைத்துக்கொள்ளும். இப்போது அவர் கரியை ஈரத்தோடு இடித்து, தொழுவுரத்தோடு கலந்து சில வாரம் ஊறவைத்து, நடவுக் குழிக்கு இரண்டு கை வீதம் போடுகிறார். பக்கத்திலேயே கரி போடாத வரிசையும் வைத்திருக்கிறார். கரி போட்ட வரிசைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நாள் தள்ளிப்போகிறது என்பது அவர் கண்டது. தண்ணீர் நில்லாத செம்மணலில் இது சின்ன லாபம் இல்லை.

2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, வெப்பமண்டல நாடுகளில் உயிர்க்கரி இட்ட நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியதாகவும், மிதவெப்ப நாடுகளில் கூடவில்லை என்றும் சொன்னது. வெப்பமண்டலத்தின் வளம் குறைந்த அமில மண்ணுக்குக் கரியின் காரத்தன்மை கைகொடுப்பது இதற்கு முக்கியக் காரணம். நீலகிரியின் கேரட் வயலுக்கு அது நல்ல செய்தி. ஏற்கெனவே களர் ஏறிய நிலத்துக்குக் கெட்ட செய்தி. அமேசான் காட்டின் பழங்குடிகள் கரியோடு அடுப்படிக் கழிவும் மீன்முள்ளும் எலும்பும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது என்றால், அதுவும் வெளுத்த அமில மண்ணின் நடுவேதான்.

எனக்கு மனதில் நின்றது அந்த அம்மாவின் கண்கள். ஓயாத புகையில் சிவந்தவை. முகத்தை மறைக்க ஒரு பழைய துண்டுதான் இருந்தது. "மூட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை தம்பி," என்றார். கூலி மூட்டைக் கணக்கில். உயிர்க்கரி மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கார்பனைப் பூட்டி வைக்கிறது என்பதற்காக உலகச் சந்தையில் அதற்குத் தனி விலை பேசுகிறார்கள். எந்திரம் வைத்திருப்பவருக்கும் சான்றிதழ் தருபவருக்கும் அந்த விலையில் பங்கு இருக்கிறது. புகையின் நிறம் பார்த்துக் கரியின் தரத்தைக் காப்பவரின் பங்கைப் பற்றி யாராவது பேசியாக வேண்டும்.

உயிர்க்கரி வாங்க நினைப்பவர்கள் முதலில் மண்ணின் கார அமில நிலையைச் சோதித்துப் பாருங்கள். களர் நிலம் என்றால் வேண்டாம். வாங்கும்போது விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: இதைச் சுட்டவருக்கு என்ன கூலி, முகக்கவசம் கொடுத்தீர்களா என்று.