பிடித்த பிறகுதான் ஆபத்து

எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஆடு என்பது வெறும் ஆடு இல்லை. பள்ளிக்கூடச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, சீர்வரிசை எல்லாமே அதுதான். அதனால் ஆடு திருட்டு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் கோபம் வரும். ஆனால் ஆடு திருடுகிறவனைச் "சின்னத் திருடன்" என்றுதான் நாமும் நினைக்கிறோம். சிக்கலே அங்குதான் இருக்கிறது.

2021 நவம்பர் 21, அதிகாலை. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். டூவீலரில் ஆட்டோடு போனவர்கள் நிற்காமல் பறக்க, தன் பைக்கில் விரட்டினார். வழியில் உடன் வந்தவர் பிரிந்துவிட்டார். மாவட்ட எல்லை தாண்டி, நம் கீரனூர் பக்கம் களமாவூர் அருகே பள்ளத்துப்பட்டியில் தனி ஆளாக மடக்கிப் பிடித்தும் விட்டார். போனில் உதவிக்கு ஆளும் கூப்பிட்டார். ஆள் வந்து சேர்வதற்குள் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். கைதான மூவரில் இருவர் சிறுவர்கள்! அரசு அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் நிதி அறிவித்தது.

அவர் துரத்தியதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கவனம் போவது அந்தக் காத்திருந்த நேரத்தின் மேல். ஓடுகிறவனுக்குத் தப்பிக்க வழி இருக்கிறது, அதனால் ஓடுகிறான். பிடிபட்டவனுக்கு வழி இல்லை. சினிமாவில் காலரைப் பிடித்ததும் சீன் முடிந்துவிடும். நிஜத்தில் ஒருவன் காலரைப் பிடித்திருக்கும் கை வேறு எதற்கும் உதவாது, முதுகுப் பக்கம் நிற்பவன் கண்ணிலும் பட மாட்டான்.

அமெரிக்காவின் சான்டியாகோவில் 1984ல் ஒரு பூங்காவில் இரண்டு காவலர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு அந்த ஊர் போலீஸில் ஒரு முறை வந்தது. ஒருவர் விசாரிப்பார், சோதனை போடுவார். இன்னொருவர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு வேறு வேலையே கிடையாது. (முகத்தை அல்ல, கையைப் பார்க்க வேண்டும். அரிவாளை எடுப்பது கைதானே!)

சரி, அந்த இரண்டாவது ஆள் இல்லாவிட்டால்? கிட்டே போகாமல் இருப்பதுதான் வழி. நிறுத்துவதற்கு முன்பே இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹெட்லைட் அவர்கள் கண்ணில் அடிக்க, வண்டியை நடுவில் விட்டுத் தூரத்தில் நிற்க வேண்டும். மூவரும் ஒரே பார்வைக்குள் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஒருவரும் கூடாது. முடியாவிட்டால் வண்டி நம்பரையும் போன திசையையும் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு விட்டுவிட வேண்டியதுதான்.

பூமிநாதன் கொலைக்குப் பிறகு அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு, ரோந்து போகும் போலீசார் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், தற்காப்புக்குப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றார். சட்டமும் அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அரிவாள் இருக்கும்போது உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்க நேரம் கிடைக்குமா என்பது என் சந்தேகம். இடைவெளி இருந்தால்தான் துப்பாக்கிக்கும் வேலை.

விட்டுவிடுவதுதான் இதில் கஷ்டமானது. மறுநாள் காலையில் ஆட்டைப் பறிகொடுத்தவர் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்று, "கண்ணு முன்னால போனவனை விட்டுட்டீங்களே சார்" என்றுதான் கேட்பார்.