குற்றவாளி தேடும் குடும்பங்கள்

மணவிழா மேடையில் நாம் பேசாத ஆண்டு இல்லை. சோழவந்தான் கொடிக்கால் ஓரத்திலும், மேலூர் வயல்வெளிப் பந்தலிலும், தல்லாகுளத்து மண்டபங்களிலும் எத்தனையோ இணையர்க்கு மாலை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ஒரே சொற்பொழிவைத்தான் ஊர் மாற்றி ஊர் பேசுகிறோம் என்று கேலி செய்யும் தோழர்களும் உண்டு. அந்தக் கேலியை நாம் பொருட்படுத்தியதில்லை. ஆனால், நாம் மாலை எடுத்துக் கொடுத்த ஒரு பெண், பின்னொரு நாள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். அதைப் பொருட்படுத்தாமல் இருக்க இயலவில்லை. அந்தக் கேள்வியைச் சொல்லவே இக்கட்டுரை.

2012-ஆம் ஆண்டு, தைத் திங்கள். பெண் வீட்டார் வைகைப் பாசனத்து நெல்லை அரைத்துப் பொருள் கண்ட அரிசி ஆலைக்காரர்கள். மாப்பிள்ளை வீட்டார் விளக்குத்தூண் பக்கம் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை நடத்தும் செல்வர்கள். பெண்ணின் தந்தை நமது இளமைத் தோழர். அவள் நம்மைப் பெரியப்பா என்றே அழைப்பாள். புகை இல்லை, புரோகிதர் இல்லை, புரியாத மொழி இல்லை. உற்றார் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் மொழியில், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக உறுதி கூறி மாலை மாற்றினர்.

அந்த எளிய முறைக்குப் பின்னே இருந்த வரலாற்றை மேடையில் விளக்கினோம். தெய்வானை ஆச்சி - சிதம்பரம் செட்டியார் வழக்கிலே சென்னை உயர் நீதிமன்றம் 1953-இல் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புரைத்ததைக் கூறினோம். 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, அதற்கு முன் நடந்த அத்தகைய மணங்களுக்கும் ஏற்பு அளித்ததைக் கூறினோம். "இங்கே ஆண்டான் இல்லை, அடிமை இல்லை, இருவரும் சமம்" என்று முடித்தோம். மண்டபம் அதிரக் கைதட்டினர்.

மேடையில் பேசியவை இவை. பேசாதது ஒன்றும் உண்டு. மேடைக்குப் பின்னே 150 சவரன் நகையும் ஒரு மகிழுந்தும் கைமாறின. 1961-ஆம் ஆண்டிலேயே வரதட்சணையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. 'சீர்' என்று பெயரை மாற்றிவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும் என்பது செல்வர் வீட்டு நம்பிக்கை. சட்டம் மட்டுமா கண்ணை மூடிற்று? நாமும்தான் மூடிக்கொண்டோம். தோழர் வீட்டு விழா. மனத்தை முறிப்பானேன் என்று எண்ணினோம்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. பெண் பிறந்தகம் வந்துவிட்டாள். அன்றே தொடங்கிற்று குற்றவாளி தேடும் படலம்!

கணவன் வீட்டார் சொன்னார்கள்: படித்த செருக்கு, மாமியாரை மதிப்பதில்லை, கடைக் கணக்கைக் கேள்வி கேட்கிறாள், மடியில் பிள்ளை இல்லை. பெண் வீட்டார் சொன்னார்கள்: தாய் கிழித்த கோட்டைத் தாண்டாதவன், மாலையானால் நண்பர்களும் மதுவும், மனைவியோடு பத்துச் சொல் பேசாதவன். மகப்பேறு இல்லை என்றதும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டவள் அவள் மட்டுமே. அவனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொல்லக்கூட அந்தப் பெரிய வீட்டில் ஒருவருக்கும் நாவெழவில்லை.

இணக்கம் பேச நால்வர் புறப்பட்டோம். நால்வரும் ஆண்கள். கூடத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தோம். அவள் தூண் ஓரம் நின்றாள். நாம் பேசினோம்: "குடும்பம் என்றால் நாலும் இருக்கும் அம்மா. விட்டுக் கொடுத்துத்தான் போக வேண்டும். ஊர் பேசும். உன் தம்பிக்கு நாளை மணம் பேச வேண்டும்."

அவள் கேட்டாள்: "பெரியப்பா! அன்று மேடையிலே இருவரும் சமம் என்றீர்கள். இன்று எனக்கு மட்டும் அறிவுரை கூற வந்திருக்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் ஒரு சொல் சொன்னீர்களா?"

சொல்லவில்லை. போகவே இல்லை. போக வேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வேளையில் நாம் சொன்ன மறுமொழியை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் எழுதுகிறோம். "ஆண்பிள்ளை, அம்மா. போகப் போகச் சரியாகிவிடுவான்." முப்பது ஆண்டுகள் மேடையில் நாம் எதிர்த்துப் பேசிய சொற்கள் அவை. அவை நம் வாயிலிருந்தே வந்தன!

"உங்கள் சொல்லுக்காகப் போகிறேன்" என்று அவள் போனாள். மூன்று ஆண்டுகள் இருந்தாள். அந்த மூன்று ஆண்டுகளில் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. அதில் நமக்கும் பங்கு உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

2017-இல் கணவனே மணவிலக்கு வழக்குத் தொடுத்தான். மனுவைப் படித்துத் திடுக்கிட்டோம். நாம் அறிந்த அந்தப் பெண்ணை அதில் காணவில்லை. பேய் ஒன்று வருணிக்கப்பட்டிருந்தது. அவள் தரப்பு பதிலுரையிலோ அவன் ஓர் அரக்கன்! நீதிமன்ற வளாகத்து மரத்தடியில் ஒரு நாள் அவனைத் தனியே கண்டோம். தலை கவிழ்ந்து சொன்னான்: "அவள் நல்லவள்தான் ஐயா. எங்களுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் விடுதலை கிடைக்காது, கொடுமை செய்தாள் என்றால்தான் வழக்கு நிற்கும் என்றார்கள். எழுதியதில் கையெழுத்துப் போட்டேன்."

அவன் கூறியதில் பாதி உண்மை உண்டு. நம் நாட்டு மணவிலக்குச் சட்டம் பெரும்பாலும் குற்றத்தை அடிப்படையாகக் கொண்டது. சென்னை மாகாணத்தில் 1949-இல் இருதார மணத்தைத் தடுத்து மணவிலக்குக்கும் வழி வகுத்த சட்டம் வந்தது. 1955-இல் நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் வந்தது. பிறர்மனை நாட்டம், கொடுமை, கைவிடுதல் என்று இன்று அதில் காணப்படும் காரணங்களின் பட்டியலில், "ஒத்துவரவில்லை" என்பதற்கு இடமில்லை. ஒருவர் குற்றவாளியானால்தான் மற்றவருக்கு விடுதலை!

மற்றொரு பாதியை அவனுக்கு யாரும் எடுத்துரைக்கவில்லை. அல்லது உரைக்க விரும்பவில்லை. 1976-லேயே இருவரும் இசைந்து பிரியும் 13-பி பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் கூட்டாக மனுச் செய்யலாம். எவரும் எவரையும் பழிக்க வேண்டியதில்லை. அதற்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தக்க நிலையில் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மீட்க முடியாதபடி முறிந்துபோன மணத்தைத் தன் தனி அதிகாரத்தால் முடித்து வைக்கலாம் என்று 2023 மே முதல் நாளில் ஐவர் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது. மதுரைக் குடும்ப நீதிமன்றத்தின் வாயிலில் நிற்பவருக்கு அது எட்டாது.

வழி இருந்தும் அவ்வழியே இவ்விரு வீட்டாரும் ஏன் போகவில்லை? நகை திரும்ப வேண்டும். மானம் காக்கப்பட வேண்டும். "எங்கள் பிள்ளைமேல் தவறில்லை" என்று ஊருக்குக் காட்ட ஒரு தீர்ப்புத் தாள் வேண்டும். பணம் இருந்தது, வழக்கறிஞர்களுக்குக் குறைவில்லை. ஏழைக்கு வழக்கு நடத்த வகையில்லாமல் தொல்லை. செல்வருக்கோ வழக்கை முடிக்க மனமில்லாமல் தொல்லை.

மணவிலக்கு மேனாட்டுச் சரக்கு என்று முழங்குவோர் மதுரைச் சீமையின் பழைய வழக்கங்களை அறியாதவர்கள். இப்பகுதி உழவர் குடிகள் பலவற்றில் 'அறுத்துக் கட்டுதல்' இயல்பாக இருந்தது. ஊரார் முன்னிலையில் துரும்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால் மணம் முடிந்தது. 'துரும்பு கொடுத்தல்' என்றாலே மணவிலக்கு என்று பொருள் கொண்ட குடிகள் இருந்ததை 1909-இல் எட்கர் தர்ஸ்டன் பதிந்து வைத்தார். 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் அத்தகைய வழக்காற்று மணவிலக்கை அழிக்காமல் விட்டது. அந்த முறையைப் போற்றிப் பாட நாம் வரவில்லை. துரும்பு பெரும்பாலும் ஆணின் கையில் இருந்தது. தீர்ப்புக் கூறிய பஞ்சாயத்தில் பெண் அமர்ந்ததில்லை. ஆயினும், நாற்று நட்டுக் கூலி வாங்கிய பெண் அதன்பின் நடைப்பிணமாகவில்லை. அவளுக்கு உழைப்பு இருந்தது, ஊதியம் இருந்தது, மறுமணம் இருந்தது.

செல்வர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன இருந்தது? நம் தோழரின் மகளையே பாருங்கள். 150 சவரனும் மாமியார் பூட்டிய பெட்டகத்தில். ஆலையிலே பங்கு? 1989-இலேயே தமிழ்நாட்டுச் சட்டம், பரம்பரைச் சொத்தில் மகனுக்கு உள்ள பிறப்புரிமையை மகளுக்கும் வழங்கிவிட்டது. 2005-இல் நாடு முழுமைக்கும் அது விரிந்தது. ஆனால் அந்த வீட்டில், "சீர் கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி என்ன பங்கு?" என்றார்கள். கழுத்து நிறையப் பொன் பூட்டி அனுப்பினார்கள். கால் ஊன்ற ஒரு சாண் நிலம் எழுதவில்லை. பிரிந்து வந்தவள் தந்தை வீட்டிலே விருந்தாளி. கணவன் வீட்டிலே குற்றவாளி. செல்வக் குடும்பத்தில் பிறந்த ஏழை அவள்!

மனைவியின் உழைப்பைப் பற்றி 2023 சூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் கூறியது நினைவில் வைக்கத் தக்கது. கணவன் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி ஊரில் குடும்பத்தைக் காத்தாள். அவ்வாறு சேர்ந்த சொத்தில் அவளுக்கும் சரிபாதி உரிமை உண்டு என்றது மன்றம். சமையற்கட்டையும் உழைப்புக் களமாக ஒரு மன்றம் கண்டது!

பழி சுமத்தும் பழக்கத்துக்கும் அண்மையில் ஒரு தடை விழுந்தது. 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு மணவிலக்கு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கணவன் அடுக்கிய குற்றங்கள் பல: மனைவி ஊதாரி, வீட்டு வேலை செய்வதில்லை, மாமன் மாமியை மதிப்பதில்லை, நெடுநேரம் தொலைபேசியில் பேசுகிறாள், ஆபாசப் படம் பார்க்கிறாள், பால்வினை நோய் உடையவள். மெய்ப்பிக்கப்படாதவற்றை மன்றம் ஏற்கவில்லை. மணமானதாலேயே பெண் தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தையும் முன்வைத்தது. நம் தோழரின் மகள்மீது எழுதப்பட்ட மனுவுக்கும் அந்தப் பட்டியலுக்கும் எத்தனை ஒற்றுமை! ஊர் வேறு, குடும்பம் வேறு. பழியின் வாசகம் மட்டும் ஒன்றே.

வாசகம் புதிதுமன்று. இதே மதுரைக்கு முன்னொரு நாள் ஒரு செல்வ இணையர் வந்தனர். புகார் நகரத்துப் பெருவணிகர் மகனும் பெருவணிகர் மகளும். அவன் அவளைப் பிரிந்து மாதவியோடு வாழ்ந்தான், பொருளைத் தொலைத்தான், சிலம்பை விற்க இங்கு வந்து உயிரை இழந்தான். பாண்டியன் அவையிலே கண்ணகி நீதி கேட்டாள். எதற்கு? கள்வன் என்ற பழி சுமந்து இறந்த கணவனுக்கு. தன்னைத் தனியே விட்ட ஆண்டுகளுக்கு அவள் எந்த அவையிலும் நீதி கேட்கவில்லை. கேட்டிருந்தால், நம்மைப் போல் நால்வர் நாற்காலி போட்டு அமர்ந்து, "ஆண்பிள்ளை, அம்மா" என்றுதானே கூறியிருப்போம்! கோவலன் பிழையை ஊழ்வினைமேல் ஏற்றினோம். கண்ணகியைக் கற்புத் தெய்வமாக்கி உயரத்தில் வைத்தோம். உயரத்தில் வைத்துவிட்டால் அவள் குறையைக் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், ஒத்துவராத மணத்தைக் கலைக்கும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. இரண்டையும் அன்றே ஒருசேரக் கேட்டதன் காரணம் நமக்கு அந்தக் கூடத்தில்தான் விளங்கிற்று. சொத்தில்லாதவளுக்கு மணவிலக்கு உரிமை, கதவைத் திறந்துவிட்டுத் தெருவைக் காட்டுவது போன்றது.

2021-இல் வழக்கு முடிந்தது. நான்கு ஆண்டுகள் ஒருவரையொருவர் ஏசிய தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரும் இசைந்து 13-பி பிரிவின்படியே பிரிந்தார்கள். முதல் நாளிலேயே செய்திருக்கலாம். நகையில் ஒரு பகுதி திரும்பிற்று. தந்தையார், மனம் நொந்த பின்னரேனும், ஆலையில் மகளுக்கு உரிய பங்கை எழுதினார். இன்று அவளே கணக்குப் பார்க்கிறாள். கணக்கைக் கேள்வி கேட்கிறாள் என்பது அன்று அவள்மேல் குற்றம்; இன்று அதுவே அவள் தொழில்.

அவன் மீண்டும் மணந்துகொண்டான். நன்றாக வாழட்டும். அவன் அரக்கனல்லன்; அவள் பேயுமல்லள். இரண்டு கடைகளை இணைப்பது போல் இரண்டு வீட்டார் இணைத்துவிட்ட இரு மனிதர்கள், அவ்வளவே.

அதன் பின் ஒரு மணமேடையில் பழைய சொற்பொழிவை நாம் பேசவில்லை. பெற்றோரைப் பார்த்து, "மகளுக்குச் சீர் செய்தீர்களா என்று கேட்கமாட்டோம், பங்கு எழுதினீர்களா?" என்று கேட்டோம். இணையரைப் பார்த்து, "ஒத்து வாழ முயலுங்கள். முயன்றும் இயலாவிட்டால், பழி கூறாமல் பிரியுங்கள்" என்றோம். பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. "மணநாளில் மணவிலக்குப் பேச்சா? சகுனம் நன்றாயில்லையே!" என்றார் நம் பகுத்தறிவுத் தோழர் ஒருவரே!

கூட்டத்தில் அவளும் இருந்தாள். புறப்படும்போது அருகில் வந்து, "இன்று இரண்டு பக்கமும் பார்த்துப் பேசினீர்கள், பெரியப்பா" என்றாள். பாராட்டாகக் கொள்ள நமக்கு உரிமையில்லை. பத்தாண்டு தாழ்ந்து வந்த சொற்கள் அல்லவா நம்முடையவை! இணக்கம் பேசப் புறப்படும் பெரியோர்க்கு நாம் சொல்வது ஒன்றே: முதலில் அவன் வீட்டுக்குச் செல்லுங்கள். நாற்காலி ஒன்றை அவளுக்கும் போடுங்கள்.