வீச்சுக்கு முன்னால்

தூத்துக்குடியில் பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பெயர். பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். வெளியூர்க்காரர்கள் படித்துச் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு போய் உட்காருவார்கள். பொழுது சாயும்போது அடுப்பு மூட்டி நள்ளிரவை ஒட்டிக் கடை எடுத்துவைக்கும் இந்த இடங்களில் சாப்பிட்டு எழுதியவர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்குப் பின்கட்டில் பகலில் நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. மட்டக்கடைப் பக்கம் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். "பாக்கதுக்கு என்ன இருக்கு? மாவு பிசைவோம், உருட்டுவோம். அவ்வளவுதான். வாரதுன்னா மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க" என்றார்.

ரெண்டு மணிக்கு மாஸ்டர் மட்டும்தான் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஏரல் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேசை துடைக்கிற பையனாக வந்து, தண்ணீர் வைத்து, வெங்காயம் உரித்து, சால்னாச் சட்டி கழுவி, கடைசியில் கல்லுக்கு வந்து சேர்ந்தவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நான் அண்ணாச்சி என்றேன், அவர் தம்பி என்றார்.

மைதாவை மேடையில் கொட்டி நடுவில் குழி பறித்தார். கல்லுப்பை ஏற்கெனவே தண்ணீரில் கரைத்து வடிகட்டி வைத்திருந்தார். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைகிற ஊர்ப்பக்கம் இது, கல்லுப்புக்குப் பஞ்சமில்லை. "பொடியாத் தூவுனா ஒரு இடத்துல கரிக்கும், ஒரு இடத்துல சப்புன்னு கெடக்கும். தண்ணியிலயே கரைச்சிரணும்." கொஞ்சம் சீனி, கொஞ்சம் எண்ணெய். தண்ணீருக்கு மட்டும் அளவு கிடையாது. கடற்காற்றில் ஈரம் கூடிய நாளில் மாவு குறைவாகத்தான் தண்ணீர் கேட்கும் என்றார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாவு விறைத்துக்கொள்ளும், அப்போது வெதுவெதுப்பான தண்ணீர். சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர். இதை அவர் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. உள்ளங்கை அடியால் மாவை அழுத்தித் தள்ளி, மடித்து, மறுபடி தள்ளும்போது கையே சொல்லிவிடுகிறது.

பிசைய இப்போது இயந்திரம் வந்துவிட்டது. பெரிய கடைகள் பலவற்றில் இருக்கிறது. இந்தக் கடையில் வாங்கவில்லை. கடைக்காரர் செலவுக் கணக்கைச் சொன்னார். மாஸ்டரோ, வாங்கினால் முதலில் சந்தோஷப்படுவது தன் தோள்பட்டைதான் என்றார். கைத்தொழிலின் மகிமை பற்றி நான் எதிர்பார்த்துப் போன வசனம் அவரிடமிருந்து வரவே இல்லை.

பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடினார். இனி இது கிடக்க வேண்டும். கோதுமையின் புரதம் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இழுவைத்தன்மை பெறுகிறது. பிசையப் பிசைய அது இறுகும். இறுகிய மாவை இழுத்தால் ரப்பராகத் திரும்பச் சுருங்கும். சும்மா விட்டால் தளரும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு மாவைக் கைப்பிடிக்குள் வைத்து நெருக்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுங்கி வருவதைக் கிள்ளிக் கிள்ளி உருண்டை போட்டார். தராசு இல்லை. சந்தேகப்பட்டு நான் இரண்டு உருண்டைகளை இரண்டு கையிலும் வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. கிலோவுக்கு இருபதுக்கு மேல் வரும் என்றார். இந்த ஊர்ப் பரோட்டா சின்னது. மதுரையில் இரண்டு சாப்பிடுகிறவர் இங்கே நாலு கேட்பார். உருண்டைகள் எண்ணெய் ஊற்றிய தட்டில் வரிசையாக உட்கார்ந்தன. மறுபடியும் காத்திருப்பு, இந்த முறை இன்னும் நீளமாக.

ஆக, கடையில் நாம் நின்று வாய்பிளந்து பார்க்கிற வீச்சு, இந்தக் காத்திருப்பு சரியாக அமைந்தால் வருவது. ஆறு மணிக்கு மாஸ்டர் வீசத் தொடங்கினார். உருண்டையை உள்ளங்கையால் தட்டிப் பரப்பி, ஒரு ஓரத்தைத் தூக்கி, காற்றில் சுழற்றி மேடையில் அறைகிறார். ஒவ்வொரு அறைக்கும் வட்டம் அகலமாகிறது. நாலைந்து வீச்சில் மேடையின் நிறம் மாவுக்குள்ளாகத் தெரிந்தது. பிறகு அதைச் சேலைக் கொசுவம் மாதிரி கூட்டிச் சேர்த்து, லேசாக இழுத்து, சுருளாகச் சுற்றி, வாலை அடியில் சொருகி வைத்தார். மாவு போதிய நேரம் கிடக்காத நாளில் இதே கை, இதே வேகம். ஆனால் நடுவில் கிழியும். அப்படிக் கிழிந்த ஒன்றை எனக்காகவே செய்து காட்டினார். தட்டில் ஊற வைக்காமல் ஒளித்து வைத்திருந்த உருண்டை அது.

கல்லில் போட்டு வேகவைத்தெடுப்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். இங்கே பொரித்த பரோட்டாவும் உண்டு, விருதுநகர்போல. எண்ணெய் குளமாக நிற்கிற கல்லில் மிதந்து மொறுமொறுப்பாக வரும். சாதாப் பரோட்டாவை ஐந்தாறாக அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிப்பார்கள். சுருள் நெகிழ்ந்து அடுக்குகள் பிரிவது அந்த அடியில்தான். சூடு எவ்வளவு என்று பார்க்க, அப்போதுதான் கல்லிலிருந்து எடுத்த ஒன்றைத் தொட்டேன். விரலை உதறிக்கொண்டேன். மாஸ்டரின் உள்ளங்கைகள் காய்ப்பேறி வழவழப்பாக இருந்தன; முன்கையில் பழைய எண்ணெய்த் தெறிப்புத் தழும்புகள். நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் உட்காரச் சொல்லியிருக்கிறாராம். "உக்காந்துட்டு எப்படித் தம்பி வீச?"

சால்னா வேறொருவர் பொறுப்பு. தேங்காய், சோம்பு, பொரிகடலை அரைத்து ஊற்றியது. இலையில் பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, ஊறியும் ஊறாமலும் இருக்கும்போது சாப்பிட வேண்டும். காசு சுக்காவுக்கும் காடைக்கும்தான். சால்னா கேட்கக் கேட்க வரும். மைதாவை டாக்டர்கள் ஏசுவதில் நியாயம் இருக்கிறது, தினம் சாப்பிடுகிற பண்டமில்லை என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனாலும் அன்று ஐந்து சாப்பிட்டேன்.

வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கடலுக்குப் போய் இரவில் கரை சேர்ந்த விசைப்படகுக்காரர்கள், துறைமுகத்தில் ஷிப்டு முடிந்தவர்கள், லாரி டிரைவர்கள், ஜவுளிக்கடை அடைத்துவிட்டு வந்த பெண்கள், ஸ்கூட்டரில் பார்சலுக்கு நிற்கிற அப்பாக்கள். 1888இல் ஆலை வந்து, பிறகு 1974இல் பெருந்துறைமுகமாகி, கெமிக்கல் கம்பெனிகளும் அனல்மின் நிலையமும் சேர்ந்த ஊர் இது. வேலை முடிகிற நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக் கடைகள் இங்கே இத்தனை வேரூன்ற அதுவும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் கல்லாப்பெட்டி இளைத்துப்போகும் என்றார் கடைக்காரர். பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5 வரை நடக்கும்போது அது சரியாகும். 2023 டிசம்பர் வெள்ளம் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை; இங்கே தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கடைக்காரர் மைதா மூட்டைகளை மேசைமேல் ஏற்றி, மேசையும் மூழ்கியதைப் பார்த்திருக்கிறார். "உள்ள வந்து பாத்தா மூட்டையெல்லாம் கல்லாக் கெடக்கு" என்றார்.

மாஸ்டருக்கு இரண்டு மகன்கள். இருவரும் கல்லைத் தொட்டதில்லை, தொட அவரும் விடவில்லை. ஒருவன் ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனியில் இருக்கிறான். இப்போது அவருக்குப் பக்கத்தில் நிற்பவன் அசாமிலிருந்து வந்த இளைஞன். வந்த புதிதில் மாவைக் கொடுக்காமல் நனைத்த துண்டைக் கொடுத்து வீசிப் பழகச் சொன்னாராம். துண்டு மேடையில் விரிந்து விழப் பழகிய பிறகுதான் மாவு. அவன் 'கொசுவம்', 'உருண்டை', 'எலே சுத்து' எல்லாவற்றையும் மாஸ்டரின் தமிழிலேயே சொல்கிறான். கூட்டம் இருக்கும்வரை அவன் சுருட்டவும் அடிக்கவும் மட்டும்தான். பத்தரைக்கு மேல் கல் அவன் கைக்கு வரும். அவன் வீசுவதில் சிலது கிழிகிறது. கிழிந்தவை கொத்துப் பரோட்டாவுக்குப் போகின்றன. வெட்டி, முட்டை ஊற்றி, சால்னா சேர்த்துத் தகரச் சத்தத்தோடு கொத்திய பிறகு கிழிசலை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நன்றாக வருகிறானே என்றேன். மாஸ்டர் கை கழுவிக்கொண்டே தலையாட்டினார். "வருவான். வட்டம் ஒழுங்கா விழ ஆரம்பிச்சிட்டா வேற கடைக்காரன் அட்வான்ஸ் குடுத்துத் தூக்கிருவான். என்னையும் அப்படித்தான் இங்க தூக்கிட்டு வந்தாங்க" என்றார். கடைக்காரர் கல்லாவில் ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தார், காதில் விழுந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.